ஒத்தக் கமா

ஏப்ரல் 10, வியாழன்

இன்று முதல் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம். ஆறே முக்கால் பஸ்ஸில் சாத்தூரிலிருந்து நின்றுகொண்டே போனேன். முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானை இருக்கிறது, டம்ளர் இல்லை. மின்விசிறி இருக்கிறது, ஓடவில்லை.

ஆங்கிலத்துக்கு நான் முதன்மைத் தேர்வாளர். எனக்குக் கீழே ஆறு பேர். ஆளுக்குக் காலையில் பன்னிரண்டு, மதியம் பன்னிரண்டு தாள்கள், சிவப்பு மையில் திருத்துவார்கள். அதில் சில கட்டுகளை எடுத்து நான் பச்சை மையில் மறுபடி பார்க்க வேண்டும். தவறாக இருந்தால் அடித்து மாற்றி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும்.

ஆறு பேரில் ஐந்தாவது பெயர் ஞானதிரவியம்.

எங்கள் பள்ளிக்கூடத்து ஞானதிரவியமேதான். பத்தொன்பது வருடமாக ஒரே ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து, வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறோமே, அந்த ஆள். என்னைவிட ஏழு வருடம் மூத்தவர், மே 31 அன்று ஓய்வு. முதன்மைத் தேர்வாளர் பொறுப்புக்கு முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்கு வந்தது அவர் கழித்துப் போட்டது என்று ஊருக்கே தெரிய வேண்டும் அல்லவா?

"என்ன டீச்சர், எங்கள மேய்க்கப் போறது நீங்கதானா? பாத்து அடிங்க, வயசான மாடு பாத்துக்கிடுங்க" என்றார், எல்லோர் முன்னாலும். எல்லோரும் சிரித்தார்கள். அவர் வாயைத் திறந்தாலே சிரிக்க ஆள் இருக்கிறது.

நான் பதிவேட்டை நீட்டினேன். "நேரம் போடுங்க. ஒம்பது பதினாலு. பதினாலு நிமிசம் லேட்டு."

ஏப்ரல் 11, வெள்ளி

விடைக்குறிப்பை வைத்துப் பேசும் கூட்டம். இருபத்து நாலாம் கேள்வியில் சண்டை.

கேள்வி இதுதான். 'மிஸ்டர் ராவ் எ ரிட்டயர்டு பைலட் குரோஸ் ரோசஸ்.' இதில் அப்பாசிட்டிவை அடிக்கோடிட்டு, நிறுத்தக்குறி இட வேண்டும். ராவ் என்றாலும் ரிட்டயர்டு பைலட் என்றாலும் ஒரே ஆள்தான். பெயருக்கு ஒட்டினாற்போல் இன்னொரு பெயர் வந்து உட்கார்ந்து, அவர் யார் என்று சொல்கிறது. எடுத்துவிட்டாலும் வாக்கியம் விழாது. அதனால் அதற்கு முன்னால் ஒரு கமா, பின்னால் ஒரு கமா. அடிக்கோட்டுக்கு ஒரு மதிப்பெண், இரண்டு கமாவும் இருந்தால் இன்னொன்று. நம் தமிழில் இந்தத் தொல்லை இல்லை. 'ஓய்வுபெற்ற விமானி ராவ்' என்று முன்னால் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். பிள்ளைகள் பாதிப் பேர் முதல் கமாவைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவார்கள்.

ஞானதிரவியம் எழுந்தார். "பைலட்டக் கண்டுபிடிச்சிட்டுதுல்லா பிள்ள? ஒரு கமா விட்டுப்போச்சுன்னா என்ன, விமானம் விழுந்துருமா? ரெண்டு மார்க்கும் குடுக்கலாம்."

மறுபடி சிரிப்பு.

"விடைக்குறிப்புல என்ன இருக்கோ அதத்தான் போடணும் சார்" என்றேன்.

"அப்ப விடைக்குறிப்ப மாத்தச் சொல்லி மேல எழுதிப் போடுதேன்."

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறபோது ஒரு வாக்கியம் தோன்றியது. ஞானதிரவியம், ஒரு வாயாடி, இன்றும் தாமதமாக வந்தார். இலக்கணப்படி நடுவில் இருப்பதை எடுத்துவிடலாம். எடுக்க மனம் வரவில்லை.

ஏப்ரல் 12, சனி

நிஜமாகவே மனு எழுதிக் கொடுத்துவிட்டார். வரும் வழியில் மாங்காய் வாங்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மாங்காய் வாங்கி, நறுக்கி, உப்புப் போட்டு வெயிலில் வைத்தேன். வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டே, "யார நெனச்சு இந்த வெட்டு வெட்டுற?" என்றார்.

இன்று எழுதியே தீர வேண்டும். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், நான் வேலையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். நான் ஆங்கிலத்தைத் தமிழ் வழியாகவே படித்து, பல்லைக் கடித்துப் பட்டம் வாங்கியவள். வகுப்பில் ஆய்வாளர் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாடம் இதே அப்பாசிட்டிவ். கரும்பலகையில் என் அப்பாவைப் பற்றியே ஒரு வாக்கியம் எழுதினேன். 'மை ஃபாதர்' என்று தொடங்கி ஒரு கமா, 'எ ஃபாக்டரி ஒர்க்கர்', பிறகு மிச்ச வாக்கியம். பின்பெஞ்சைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் இரண்டாவது கமா விட்டுப்போனது.

அடுத்த வகுப்பிலிருந்து சாக்பீஸ் கேட்டு வந்தார் ஞானதிரவியம். பலகையைப் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பலகையில் தன் கையால் அந்தக் கமாவைப் போட்டார். "ஒரு கதவத் தெறந்தா மூடணும்லா டீச்சர். ஒங்க அப்பாவ வெளிய நிப்பாட்டிட்டீங்களே" என்றார். நாற்பத்தைந்து பிள்ளைகளும் சிரித்தார்கள். ஆய்வாளரும் சிரித்தார்.

சாயங்காலத்துக்குள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஒத்தக் கமா. பத்தொன்பது வருடமாக ஒரு செட்டுப் பிள்ளைகள் அடுத்த செட்டுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். போன தையில் ஒரு கல்யாண வீட்டில் பழைய மாணவன் தன் பொண்டாட்டியிடம், "இவங்கதான் எங்க ஒத்தக் கமா டீச்சர்" என்று பாசமாக அறிமுகப்படுத்தினான். குருவம்மாள் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது அவனுக்குத் தெரியாது.

அந்த ஆள்தான் இப்போது, ஒரு கமா போதும், பிள்ளைகள் பாவம் என்கிறார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மதியம் ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். சரியாகக் கேட்கவில்லை. சுற்றறிக்கை ஒன்று வந்தது, கையெழுத்துப் போட்டேன். எதில் போட்டேன் என்று பார்க்கவில்லை. அப்படி ஒரு வெயில்.

ஞானதிரவியம் எல்லோருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தார். அவர் மனுவை ஏற்றுக்கொண்டார்களாம். என் மேசையிலும் ஒன்று வைத்துவிட்டுப் போனார். எறும்புக்குப் போட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

இன்று ஞானதிரவியத்தின் காலைக் கட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். பன்னிரண்டு தாளில் ஒன்பதில் ஒற்றைக் கமா. ஒன்பதுக்கும் முழுசாக இரண்டு மதிப்பெண். ஒன்பதிலும் ஒன்று குறைத்தேன். முதல் பக்கத்திலும் கூட்டலை மாற்றினேன். பச்சைப் பேனா எங்கேயோ விழுந்துவிட்டது. அவர் மேசையில் கிடந்த சிவப்புப் பேனாவால் எழுத வேண்டியதாயிற்று.

ஒரு தாள் முப்பத்தைந்திலிருந்து முப்பத்து நாலாக இறங்கியது. முப்பத்து நாலு என்று எந்தத் தாளும் முகாமை விட்டு வெளியே போகாது. இது எந்த விதியிலும் எழுதியில்லை, ஆனால் திருத்தப் போகிற எல்லோருக்கும் தெரியும். முப்பத்து நாலு வந்தால் தாளை முதன்மைத் தேர்வாளரிடம் கொண்டுபோக வேண்டும். அவர் முதல் பக்கத்திலிருந்து புரட்டி, கட்டுரையிலோ கடிதத்திலோ எங்காவது ஒரு மதிப்பெண்ணைத் தேடி எடுத்துப் பிள்ளையைக் கரையேற்றிவிடுவார். அந்த முதன்மைத் தேர்வாளர் நான்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம்.

ஏப்ரல் 17, வியாழன்

கட்டைக் காலையிலேயே சீல் வைத்து அனுப்பிவிட்டார்கள். போகட்டும்.

மே 8, வியாழன்

ரிசல்ட். எங்கள் பள்ளி தொண்ணூற்றாறு சதவீதம். ஆங்கிலத்தில் என் வகுப்பு முழுத் தேர்ச்சி, அவர் வகுப்பில் ஒருவன் அவுட். தலைமையாசிரியர் கொடுத்த லட்டு நன்றாக இருந்தது.

மே 17, சனி

தலைமையாசிரியர் சொன்னார். வேறொரு ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளை ஆங்கிலத்தில் முப்பத்து நாலு. அப்பா தையல்காரர். விடைத்தாள் நகல் வாங்கி, டியூஷன் வாத்தியாரிடம் காட்டி, திருத்திய விடைக்குறிப்பையும் கையில் வைத்துக்கொண்டு, முதன்மைக் கல்வி அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டாராம். "முப்பத்து நாலுன்னு எவன்டா வெளிய விட்டது?" என்று அலுவலகமே கொதிக்கிறதாம்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். காலையில் சாப்பிட்ட பொங்கலாக இருக்கும்.

மே 19, திங்கள்

மெமோ வந்துவிட்டது. இரண்டு. ஒன்று தாளைத் திருத்திய ஞானதிரவியத்துக்கு. மாற்றிய விடைக்குறிப்பை மீறி மதிப்பெண்ணை ஏன் குறைத்தீர், முப்பத்து நாலை ஏன் மேலே காட்டவில்லை, ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் சஸ்பெண்ட். சஸ்பெண்டில் இருக்கிறவருக்கு ஓய்வு கிடையாது. முப்பத்து நாலு வருட வேலை அந்தரத்தில் தொங்கும்.

இன்னொன்று எனக்கு. இந்தக் கட்டை நீர் மறுஆய்வு செய்தீரா?

வரைவு எழுதி வைத்துவிட்டேன். 'அக்கட்டினை நான் மறுஆய்வு செய்யவில்லை.' பொய் என்று சொல்ல முடியாது. மறுஆய்வு என்றால் பச்சை மையில் செய்வது.

மே 21, புதன்

சாயங்காலம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாசலில் ஞானதிரவியம். பத்தொன்பது வருடத்தில் என் வீட்டுப் படி ஏறியதில்லை. இரண்டு நாளில் முகம் சுருங்கிப்போயிருந்தது. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். ஒரு கேலி வரவில்லை.

"டீச்சர், நமக்குள்ள ஆகாது, தெரியும். அத அங்கன வச்சிட்டு ஒரே ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. இது என் கைதானா?"

விடைத்தாளின் நகலை நீட்டினார். முப்பத்தைந்து அடிக்கப்பட்டு முப்பத்து நாலு. பக்கத்தில் 'ஞா.தி' என்று சுருக்கொப்பம்.

"கமாவுக்கு மனுப் போட்டதே நான். நானே அத மறந்துட்டு வெட்டுவனா? ஆனா ஒப்பம் என்னதுதான். வெட்டுனது சுத்தமா ஞாபகம் இல்ல டீச்சர்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க அண்ணன் இருக்கான் நாசரேத்துல. பெத்த மகனப் பாத்து 'நீ யாருடா'ங்கான். அவனுக்கும் இப்படித்தான் தொடங்குச்சு. பேங்க்ல போட்ட கையெழுத்த நான் போடலன்னு நின்னான். மறதிக்குன்னு மதுரையில டாக்டரப் பாத்தேன். பதினொண்ணே காலுன்னு ஒரு கடியாரம் வரையச் சொன்னாரு. வரஞ்சேன். சரியா இருக்குன்னாரு. அப்ப இது எப்படி வந்துச்சு?"

நான் நகலைப் பார்த்தேன். நிறைய நேரம் பார்த்ததுபோல் பார்த்தேன்.

"உங்க கை மாதிரிதான் இருக்கு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். என் தப்ப ஒங்களவிட உத்துப் பாத்தவுக யாரு. தப்பு என்னுதுதான்னு எழுதி திங்கக்கெழம குடுத்துருதேன்."

அந்த மனிதர் வாயிலிருந்து 'தப்பு என்னுது' என்று கேட்க நான் எத்தனை வருடம் காத்திருந்தேன்! போகும்போது தெருவில் நின்று சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வண்டிச் சாவி கையிலேயே இருந்தது.

"அந்த மனுசன் எதுக்கு அழுதுட்டுப் போறாரு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். கீரையைக் காம்போடு வேக வைத்துவிட்டேன்.

மே 22, வியாழன்

என் விளக்கத்தை இன்னும் அனுப்பவில்லை. உறைமேல் முகவரி மட்டும் எழுதினேன்.

மே 23, வெள்ளி

பச்சைப் பேனா என் பையில்தான் இருந்தது. ஒலிபெருக்கி தெளிவாகத்தான் கேட்டது. ஒற்றைக் கமாவுக்கும் முழு மதிப்பெண் என்ற சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த 'ஞா.தி' நான் போட்டது. எதிர்மேசையில் பத்தொன்பது வருடமாகப் பார்த்த ஒப்பம், கண்ணை மூடிக்கொண்டும் போடுவேன். நோட்டில் இவ்வளவு நாள் எழுதாமல் விட்டதை எழுதிவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி எஸ்தர் கதவைத் திறந்தார். கேஸ் அடுப்புக்கு மேலே 'மூடியாச்சா?' என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்தது. ஞானதிரவியம் மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்துக்கொண்டிருந்தார். பக்கம் பக்கமாக ஞா.தி, ஞா.தி. தன் ஒப்பத்தை நகலோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார், மனிதர்.

நின்றுகொண்டே சொன்னேன். "சார், அத வெட்டுனது நான். ஒங்க பேனாவ எடுத்து வெட்டுனேன். ஒப்பமும் நான்தான் போட்டேன். ஒங்களுக்கு மறதியெல்லாம் ஒண்ணுமில்ல."

கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் அப்படியே மலர்ந்தது. "எஸ்தரு! ஏட்டி எஸ்தரு! எனக்கு ஒண்ணுமில்லட்டி! நான் வெட்டலயாம்!" என்று கத்தினார். அந்த அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டு பேரும் என்னை மறந்தே போனார்கள். அந்த ஒரு நிமிடம் என்னை யாரும் வெறுக்கவில்லை.

பிறகு திரும்பினார்.

"எதுக்கு?"

"ஒத்தக் கமா."

"எந்தக் கமா?"

சொன்னேன். ஆய்வாளர், சாக்பீஸ், என் அப்பா, சிரிப்பு, எல்லாம். அவருக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. அவர் நடிக்கவில்லை, எனக்கு அது தெரியும்.

"பட்டப்பேரு கேள்விப்பட்டிருக்கேன். நான் வச்சதுன்னு தெரியாது" என்றார். "இது நோயில மறந்ததில்ல டீச்சர். அது எனக்கு ஒரு விசயமே இல்ல. அதான் மறந்துட்டேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"முந்தாநேத்து ஒங்க வீட்டு வாசல்ல வந்து நின்னனே" என்றார். "என் பேர எனக்குச் சொல்லிக்குடுங்கன்னு கேக்காத கொறையா நின்னேன். அப்பவும் 'ஒங்க கை மாதிரிதான் இருக்கு'ன்னு சொன்னியளே. மார்க்க வெட்டுனது, ஒப்பம் போட்டது, எல்லாத்தயும் விட்டுருவேன். அந்த ஒரு வார்த்தய விடமாட்டேன். சாவுற வர விடமாட்டேன். வெளிய போங்க."

எஸ்தர் அம்மா கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார்.

மே 26, திங்கள்

முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். மாற்றிய ஒன்பது தாளின் எண்களையும் எழுதினேன். கண்காணிப்பாளர் படித்துவிட்டு, "ஏம்மா, இத்தன வருசம் வேல பாத்துட்டு?" என்றார். ஒன்பது பேருக்கும் மதிப்பெண் ஏற்றிவிடுவார்களாம். ஞானதிரவியத்தின் மெமோவை ரத்து செய்துவிட்டார்கள். எனக்கு சஸ்பெண்ட் உத்தரவு அடுத்த வாரம் வரும், அதுவரை பள்ளிக்குப் போகலாம்.

முப்பத்து நாலு வாங்கிய பிள்ளையின் பெயர் தேவமலர். கோப்பில் பார்த்தேன். ரிசல்ட் வந்ததிலிருந்து வீட்டை விட்டு வெளியே வரவில்லையாம். இத்தனை நாளாக அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்ட தட்டை எடுக்காமல் எழுந்து போய்விட்டார்.

மே 30, வெள்ளி

ஞானதிரவியத்துக்கு வழியனுப்பு விழா. போகாமல் இருந்தால் பயந்துவிட்டேன் என்பார்கள் என்று போனேன். எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. என் பக்கத்து நாற்காலி இரண்டும் காலியாகவே இருந்தன.

மாலை, பொன்னாடை, கடிகாரம். நன்றி சொல்லும்போது காவலாளி முதல் சத்துணவு ஆயா வரை ஒவ்வொருவர் பெயராகச் சொன்னார், யாரையும் மறக்கவில்லை. என் பெயரைச் சொல்லவில்லை. இடையிடையே அவர் சொன்ன கேலிக்குக் கூட்டம் வழக்கம்போல் சிரித்தது. அவர் பழையபடி ஆகிவிட்டார். எனக்கு அதில் ஆறுதலாக இருந்தது, அதற்காக என்மேல் எரிச்சலாகவும் இருந்தது.

கடைசியில் எல்லோரும் போட்டோவுக்கு நின்றார்கள். நானும் எழுந்து இரண்டாம் வரிசையின் ஓரத்துக்குப் போனேன். அவர் முன்வரிசையிலிருந்து இறங்கி வந்து தன் போனை என் கையில் கொடுத்தார்.

"நீங்க எடுங்க டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெயிலில் போய் நின்று மூன்று எடுத்தேன். போனைத் திருப்பிக் கொடுக்கும்முன் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். மூன்றிலும் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அவர் மட்டும் அதற்குச் சற்று மேலே, என்னைப் பார்க்கிறார்.